ஒன்று முதல் இரண்டு மணி வரை

ஹிண்டலோப்பன்
ஜூன் 21, 1992, ஞாயிறு மத்தியானம்

என் அன்பு மகள் ஹிஸ்கேவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் சௌக்கியம், அப்பாவின் முதுகைத் தவிர, அது என்றைக்குச் சௌக்கியமாக இருந்தது. நீயும் கொசுக்கடியைத் தவிர வேறு கஷ்டம் எதுவும் இல்லாமல் அந்தக் கனடாக் காட்டில் மரக்கன்று நட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். முகாமுக்கு வாரம் ஒருமுறை சாமான் வண்டியில் தபால் வரும் என்று சொல்லியிருந்தாயே, அந்த வண்டியை நம்பித்தான் இது. புதன்கிழமை நீ போன் பண்ணினாய், அப்பா எடுத்தார், உன் குரலைக் கேட்டதும் "ஐயையோ நீயா, வை, வை, கீழே வைடீ" என்று கத்திவிட்டுப் போனை அறைந்து வைத்தார். காட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் ஆசையாகக் கூப்பிட்ட பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அப்புறம் நாங்கள் கூப்பிட்டபோது நீ வண்டி ஏறிவிட்டாய் என்று உன் வீட்டுக்கார அம்மாள் சொன்னாள், இனி மூன்று வாரத்துக்கு உன்னைப் பிடிக்க முடியாதாம். ஏன் கத்தினார், டௌவேயின் பரீட்சை என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. உன்னைப் பெற்றவள் நான், உன் புத்தி எனக்குத் தெரியும்.

முதலில் போன வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டும். அப்போது உனக்கு "டௌவே கணக்கில் போய்விட்டான், இன்னொரு வருஷம் படிக்க வேண்டும்" என்று ஒரே வரிதான் எழுதினேன். நான் செய்த காரியத்தை எழுதவில்லை, எழுத வெட்கமாக இருந்தது. உன் காலத்தில் பாஸானாலும் ஃபெயிலானாலும் முடிவு வருகிற அன்று வாத்தியார் எல்லார் வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்வார், ஞாபகம் இருக்கிறதா. இப்போது அப்படி இல்லை. ஒன்று முதல் இரண்டு மணி வரை ஃபெயிலானவர்களுக்கு மட்டும்தான் போன் வரும். இரண்டு அடிக்கிறவரை போன் சத்தமே இல்லை என்றால் பிள்ளை பாஸ், நம் ஊர் வழக்கப்படி கொடியை ஏற்றிப் பள்ளிக்கூடப் பையை அதன் நுனியில் தொங்கவிடலாம். எனக்குப் பொறுமை ஏது. டௌவே எப்படிப்பட்ட பையன், அவன் போய் ஃபெயிலாவதாவது என்று, காலை பத்து மணிக்கே வாசலில் கொடியை நட்டு, அவன் பையைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டிவிட்டேன். தெருவே பார்த்தது. எதிர்வீட்டு ரென்ஸ்கே ஓடிப்போய் க்ரீம் கேக் வாங்கி வந்தாள், "உங்க பையன் பாஸானதுக்கு உங்களுக்கு வாழ்த்துகள்" என்று என் கன்னத்தில் மூன்று முத்தம் வேறு. ஒன்று இருபதுக்குப் போன் அடித்தது. டௌவே தானே எடுத்தான், "சரி சார், சரி சார்" என்றான், வைத்தான். பிறகு வாசலுக்குப் போய்ப் பையை அவிழ்க்க ஆரம்பித்தான். என் அப்பா சொல்லிக்கொடுத்த படகு முடிச்சு, ஹிஸ்கே, அது எங்கே அவிழும். இருபது நிமிஷம் நின்றான். கத்தி கொண்டு வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றான். தெரு முழுக்க ஜன்னல் திரை ஆடியது. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை, திட்டவில்லை. அன்றிலிருந்து அவன் முன்வாசல் வழியாக வரவே இல்லை, ஒரு வருஷமும் பின்கட்டு வழியாகத்தான் போனான், வந்தான். என்னிடம் மரியாதையாகப் பேசினான். பெற்ற பிள்ளை மரியாதையாகப் பேசினால் அது எவ்வளவு தூரம் என்று உனக்குப் புரியும்.

இந்த வருஷம் மறுபடி ஃபெயிலானால் அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடையாது. அது எங்கள் நாலு பேருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மே மாதம் பூராவும் பரீட்சை, அவன் மேல்மாடியில் கணக்குப் போடுகிற வரைக்கும் நாங்கள் கீழே ஸ்பூன் சத்தம்கூடக் கேட்காமல் சூப் குடித்தோம். யிக்கேயால்தான் முடியாது. உன் சின்னத் தங்கைக்கு ஒன்பது வயதாகிவிட்டது என்று நம்ப முடிகிறதா. வருஷ முடிவு ரிப்போர்ட்டில் "வாசிப்பு மிக நன்று, எழுத்து நன்று, பேச்சைக் கொஞ்சம் குறைத்தால் மற்றவர்களும் படிப்பார்கள்" என்று அவள் டீச்சர் எழுதியிருக்கிறாள். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு ரென்ஸ்கே வீடு வரைக்கும் போய் வாசித்துக் காட்டிவிட்டு வந்தாள். நீச்சலில் கடைசிச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். சட்டை, கால்சட்டை, மழைக்கோட்டு, ஷூ எல்லாவற்றோடும் தொபுக்கென்று குதித்து, தண்ணீருக்கு அடியில் கட்டியிருந்த படுதாவின் ஓட்டைக்குள் நுழைந்து வெளியே வந்தாள். உன் பழைய மஞ்சள் மழைக்கோட்டுதான். அது தண்ணீருக்குள் மெதுவாக விரிந்தபோது எனக்கு இது எந்த வருஷம் என்றே ஒரு கணம் தெரியவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாலு நாள் சாயங்கால நடை. யிக்கேவுக்குத் துணையாக யார் போவது என்று பேச்சு வந்தது, அப்பாவுக்கு முதுகு, எனக்குக் கால், கடைசியில் "நான் போறேன்மா" என்றான் டௌவே. பரீட்சை முடிந்த பையன்கள் எல்லாம் ஊர் சுற்றப் போய்விட்டார்கள், இவன் சின்னப் பிள்ளைகளோடு கரைமேல் நடந்தான். தினமும் எலுமிச்சம்பழத்தை ஓட்டைபோட்டு, அதில் புதினா மிட்டாய்க் குச்சியைச் செருகி, கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தேன், உறிஞ்சிக்கொண்டே நடப்பதற்கு. யிக்கே அவனிடம், "அண்ணா, நீ ஃபெயிலானா என் கிளாஸுக்கு வந்துடு, என் பக்கத்துல இடம் இருக்கு" என்றாளாம். அவன் சிரித்தான் என்று அவளே சொன்னாள். கடைசி நாள் பூங்கொத்தோடு ஊர் முனையில் நின்றேன். வெயில் தாழ்ந்தும் இருட்டாமல் நீண்டுகொண்டே போகிற அந்த நேரம், கரைப்புல்லில் ஆடுகள், பிள்ளைகள் பாடிக்கொண்டு வருகிற சத்தம் முதலில், உருவம் அப்புறம். அவன் தோளில் யிக்கே. இரண்டு பேர் கழுத்திலும் மெடல். பதினெட்டு வயதுப் பையனுக்கு யார் மெடல் கொடுத்தார்கள் என்று கேட்டால், "கூட நடந்தேன்ல" என்றான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன், பூங்கொத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அதற்கடுத்த ஞாயிறு, முடிவு வர மூன்று நாள் இருக்கும்போது, வீட்டுக்குள் இருந்தால் மூச்சு முட்டுகிறது என்று அப்பா படகை எடுத்தார். காற்றே இல்லை. நாற்பது வருஷமாக இந்த ஏரியில் படகு ஓட்டுகிற மனிதர், "எனக்குத் தெரியாத மணல்திட்டா" என்று சொல்லி வாய் மூடவில்லை, அதே திட்டில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். தண்ணீர் முழங்கால் அளவு. காற்று வந்தால்தான் கிளம்ப முடியும். சரி என்று ஃபிளாஸ்க் காப்பியைக் குடித்துவிட்டு, சர்க்கரை ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றுவிட்டு, அப்படியே கிடந்தோம். அப்பா தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். எப்போதும் சாய்ந்தே நிற்கிற நம் ஊர் சர்ச் கோபுரம் தூரத்தில் இன்னும் கொஞ்சம் சாய்ந்த மாதிரி தெரிந்தது. கரையில் ஆடு கத்துவது தண்ணீர் மேலேயே நடந்து வந்து காதில் விழுந்தது. ஏரி நடுவில் படகைச் சுற்றி ஒரு சின்னப் பெண் மஞ்சள் கோட்டோடு நடந்துகொண்டே இருந்தாள். நான் அரைத்தூக்கத்தில், "ஹிஸ்கே, போதும்மா, ஏறி வா" என்று கூப்பிட்டிருக்கிறேன். "நான் யிக்கேம்மா, ஹிஸ்கே கனடாவுல இருக்கா" என்று பதில் வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெயில் என்று சொல்லிக்கொண்டேன். பலகையில் மல்லாந்து படுத்திருந்த டௌவே வானத்தைப் பார்த்துக்கொண்டே, "இந்தத் தடவையும் போயிட்டா நானும் அக்காகிட்ட போயிடறேம்மா. மரம் நடறதுக்குக் கணக்கு வேண்டாம்ல" என்றான். இரண்டு பிள்ளைகள் அத்தனை தூரத்தில், மேஜையில் இரண்டு தட்டு குறைவு, அதுதான் கண்முன்னால் ஓடியது. அவன் பாஸாக வேண்டும் என்று எல்லா அம்மாவும் வேண்டுவாள், நான் வேண்டிக்கொண்டதில் பாதி எனக்காக. இதையும் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

புதன்கிழமை வந்தது. கொடி அலமாரியில் இருந்தது, அந்தப் பக்கம் திரும்பக்கூடாது என்று எனக்கு நானே ஆணையிட்டிருந்தேன். டௌவே என் கண்ணில் பட்டுவிடாமல் தன் பையை எங்கோ ஒளித்துவைத்திருந்தான், நானும் தேடவில்லை. ஒரு மணிக்கு நாலு பேரும் சமையலறையில் உட்கார்ந்தோம். யிக்கேகூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள். ஒன்று இருபது தாண்டியபோது நானும் டௌவேயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், போன வருஷம் அடித்த நேரம் அது. ஒன்றரை. அடுப்பில் எதுவும் இல்லாமலே நான் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். ஒன்று நாற்பது. போன் அடித்தது.

அந்தச் சத்தத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். டௌவே எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, நீங்க எடுங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அப்பா கல்யாணத்தன்று நடந்த மாதிரி நிமிர்ந்து நடந்துபோய் எடுத்தார். நீ! "என்னப்பா, பாஸா?" என்று கேட்டாயாம். அப்பாவுக்கு உன் குரல் என்று தெரிந்ததும் சந்தோஷமா கோபமா பயமா என்றே தெரியவில்லை, அதே நேரத்தில் வாத்தியார் கூப்பிட்டு லைன் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று ஒரு கலவரம், கத்திவிட்டு வைத்துவிட்டார். வைத்தபிறகு சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "ஹிஸ்கே" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். உன் அப்பா அழுது நான் பார்த்தது அதற்கு முன்னால் ஒரே தடவை, நீ விமானம் ஏறிய அன்று. யிக்கே முதலில் சிரித்தாள், பிறகு டௌவே, பிறகு நான், வயிறு வலிக்கிறவரை சிரித்தோம், பாஸா ஃபெயிலா என்று இன்னும் தெரியாமலே. உன் மேல் தப்பே இல்லை. இப்போது முறை மாறிவிட்டது என்று நான் எழுதியிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு வெட்கத்தை மூடி வைத்தேன், அது போன் மணியாகத் திரும்பி வந்தது.

இரண்டு மணி அடித்தது. யாரும் அசையவில்லை. நம் கடிகாரம் வேகமாக ஓடும் என்றார் அப்பா, ஐந்து நிமிஷம் பொறுக்கச் சொன்னார். கோபுர மணியும் அடித்து ஓய்ந்தது. பாஸ், ஹிஸ்கே. உன் தம்பி பாஸ். நான் கட்டிப்பிடிக்கப் போனேன், அவன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். என்னடா இது என்று நின்றோம். பையோடு இறங்கி வந்தான், நீ பள்ளிக்கூடம் போன அதே நீலப் பை, பாய்மர நூலால் நான் வார் தைத்துக் கொடுத்தது. அதை என் கையில் கொடுத்து, "நீயே கட்டும்மா. ஆனா அந்த முடிச்சு வேண்டாம், போன தடவை விரல் ரெண்டு நாள் வலிச்சுது" என்றான். பிறகு முன்வாசல் கதவைத் திறந்துகொண்டு எனக்கு முன்னால் போய் நின்றான். எனக்கு வேறு முடிச்சு தெரியாது, அதே முடிச்சைத்தான் போட்டேன். பார்த்துவிட்டு விரலைத் தடவிக்கொண்டான். ரென்ஸ்கே இந்தத் தடவை தன் வாசலிலேயே நின்றுகொண்டு, "நெஜமாத்தானா? நான் கேக் வாங்கலாமா?" என்று கேட்டாள், தெருவே சிரித்தது. பை இன்னும் தொங்குகிறது. நாலு நாளாகிவிட்டது, கழற்று என்கிறார் அப்பா. அவிழ்க்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டௌவே செப்டம்பரில் லேவார்டனுக்குப் படகு கட்டுமானம் படிக்கப் போகிறான், சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுக்கு வருவான். ஆகஸ்டில் மறுபடி ஏரிக்குப் போகலாம் என்கிறார் அப்பா, மணல்திட்டு எங்கே இருக்கிறது என்று இப்போது நிச்சயமாகத் தெரியுமாம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். ஈரக் காலுறையோடு படுக்காதே. கரடி வருகிற இடத்தில் தனியாக நடக்காதே, பாடிக்கொண்டே நட. நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா மேல் வருத்தப்படாதே, உனக்கு அவரே இரண்டு வரி எழுதுவதாகச் சொல்லிப் பேனாவை வாங்கினார், அரை மணி கழித்து வெறும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். கடவுள் உன்னை உள்ளங்கையில் வைத்துக் காப்பாற்றட்டும், நீ நட்ட மரமெல்லாம் வேர் பிடிக்கட்டும்.

ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். யிக்கேயின் பரீட்சைக்கு இன்னும் எட்டு ஒன்பது வருஷம் இருக்கிறது. அன்றைக்கு ஒன்று முதல் இரண்டு மணி வரை நீ போன் பண்ணவே கூடாது. உன் அப்பாவின் நெஞ்சு இன்னொரு தடவை தாங்காது. நீ போன் பண்ணாமலிருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அன்றைக்கு நீ இங்கே, சமையலறையில், எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான்.

உன் அம்மா,
பௌக்யா