பத்தொன்பது நாள் எண்ணிக்கை

அன்பு மகளே,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் மூன்று நாளாகப் பேனாவை எடுக்கிறேன், கை ஓடமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். இப்போதுதான் கொஞ்சம் கண் அயர்ந்தாள், அதனால் கடிதம்.

போன வாரம் எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். மின்கம்பிக்குக் கீழ பாதிப் புதரை வெட்டியும் நம்ம வால்தூக்கிக் குருவி குறையவே இல்லப்பா, அடர்ந்த புதர் இல்லாமலும் அதால இருக்க முடியுதுன்னு ஆராய்ச்சியில எழுதப் போறேன், எல்லாம் நீங்க எண்ணிக் குடுத்ததாலதான் என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குருவியை முதலில் தவிட்டுக்குருவிக் குடும்பத்தில் வைத்தார்கள், பிறகு கதிர்க்குருவிகளோடு சேர்த்தார்கள், இப்போது மரபணுவைப் பார்த்துவிட்டு இரண்டும் இல்லை, தனி என்கிறார்கள் என்று முன்பு ஒருமுறை நீ சொன்னபோது சிரித்தேன். என்னையும் மின்வாரிய ஆபீஸில் மூன்று பிரிவுக்கு மாற்றினார்கள், நான் என்னவோ அதே தெருக்களில்தான் மீட்டர் பார்த்தேன். அதுவும் நீங்கள் எந்தப் பெயரில் எழுதினாலும் அதே முள்ளுக்குள்தான் வாலை நிமிர்த்திக்கொண்டு திரிகிறது. வெட்டவெளியில் நாலடி தாண்ட அதற்கு மனசு வராது. இரண்டு வருஷமாகக் கண்ணால் பார்த்தவன் நான், அப்படியிருந்தும் நீ சொன்னதற்கெல்லாம் உம் கொட்டினேன் பார்.

விஷயத்துக்கு வருகிறேன், பதறாதே. போன மாதம் பன்னிரண்டாம் தேதி அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறாள், என்னை அதட்டுகிறாள், அந்த அளவுக்குத் தேறிவிட்டாள். அவகிட்ட மூச்சு விட்டீங்கன்னா பாருங்க, படிப்பை அப்படியே போட்டுட்டு ஓடிவந்துடுவா என்று ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே சத்தியம் வாங்கினாள். மாதக் கடைசிவரை ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் கிடந்தேன், புதரை வெட்டியதையே பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். ஆனால் தினமும் குருவியை எண்ணி நான் அனுப்பும் எண்ணிக்கை ஒருநாள் வராவிட்டாலும் என்னாச்சுப்பா என்று கேட்பாயே. முப்பத்தொரு வருஷம் மீட்டர் பார்த்தவன் புத்தி எங்கே போகும், வீடு பூட்டியிருந்தால் முந்தைய மாதங்களின் சராசரியைப் போட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவோம். அதையேதான் உனக்கும் செய்தேன். ஆறு, ஏழு, ஆறு, நம்பும்படியாக நடுவில் ஒரு ஐந்து. அந்த ஐந்தை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. முப்பதாம் தேதியோடு எண்ணியது போதும் என்று நீ சொன்னதும் தப்பித்தேன் என்று வேறு நினைத்தேன்.

இன்று காலை பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டுப் புதர்ப் பக்கம் போனேன். நீ குறித்துக் கொடுத்த ஐந்து இடத்திலும் பத்துப் பத்து நிமிஷம் நின்றேன். வெட்டிய பக்கம் ஒன்றுகூட இல்லை, வெட்டாத ஓரத்தில் இரண்டு. முழங்கால் கெஞ்சியது, இன்னும் அரைமணி நின்று பார்த்தேன், இரண்டேதான். இதை எழுதிக்கொள், இது நான் பார்த்தது. உன் பேராசிரியரிடம் தப்பு அப்பாவுடையது என்று தயங்காமல் சொல். உன் வேலை தள்ளிப்போகும், தெரியும். திட்டவேண்டும் போலிருந்தால் திட்டிவிடு.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்கவேண்டும். பன்னிரண்டு முதல் முப்பதுவரை உள்ள எண்களை மறக்காமல் அடித்துவிட்டு, நாங்கள் எழுதுவதுபோல எதிரே வீடு பூட்டு என்று போட்டுக்கொள். விஷயம் தெரிந்தாலும் நீ கிளம்பி வரக்கூடாது என்பதுதான் உன் அம்மா எண்ணம். நான் அப்படிச் சொல்லமாட்டேன், எனக்கு முடியவில்லையம்மா.

உன்
அப்பா