அம்மாவின் வள்ளம் முந்திய படம்

11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். உங்கள் கப்பலுக்கு மின்னஞ்சலில் எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது என்பதால் எல்லாவற்றையும் எழுதித்தான் காட்ட வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று திருவிழா வள்ளப் போட்டி. இந்த ஆண்டு கடல்பாசி எடுக்கிற பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வள்ளம் இறக்கினார்கள். சுக்கான் பிடித்தது அம்மா. கடைசியில் அந்த வள்ளமும் கிங்ஸ்டன் பெரியப்பா வள்ளமும்தான் ஒட்டி வந்தன. எல்லைக்கோடு உங்களுக்குத் தெரியும்: இந்தப் பக்கப் பாறையில் கொடி, எதிர்ப் பாறையில் விளக்குக் கம்பம். கொடிக்குப் பக்கத்தில் நின்று நான் போனில் வீடியோ படம் எடுத்தேன். அம்மா முந்தியதைக் கண்ணால் பார்த்தேன். கமிட்டியோ பெரியப்பா வள்ளம் என்று சொல்லிவிட்டது.

ஜெயித்தவர்கள்தானே பதினைந்தாம் தேதி மாதா சப்பரத்தின் முன்கம்புக்குத் தோள் கொடுப்பார்கள். பெண்களுக்கு அது கிடையாது என்று நேராகச் சொல்லக் கமிட்டிக்கு வாய் வரவில்லை. "கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது" என்கிறார்கள்.

பாறையில் காற்று அடித்ததால் படம் ஒரே ஆட்டம். உங்கள் லேப்டாப்பில் எடிட்டிங் மென்பொருளைத் திறந்து ஸ்டெபிலைஸ் கொடுத்தேன். ஆட்டம் நின்றது. ஆனால் கடல் ஜெல்லி மாதிரி நெளிகிறது. படம் தானாகப் பெரிதாகி ஓரம் வெட்டுப்படுகிறது. விளக்குக் கம்பம் சில இடங்களில் காணாமலே போகிறது. உதவிப் பக்கத்தை அகராதி வைத்துப் படித்தும் பிடிபடவில்லை. என்ன செய்யட்டும்?

உங்கள் மகள்,
ஷெர்லி


12 ஆகஸ்ட்

அன்பு மகள் ஷெர்லிக்கு அப்பா ஜெர்சன் எழுதுவது.

உன் அம்மா சுக்கான் பிடித்ததை உன் கடிதத்தில்தான் அறிகிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள்.

நெளிவுக்குக் காரணம், மென்பொருள் படத்தைத் துண்டு துண்டாக வளைத்து ஆட்டத்தை அடக்குகிறது. வளைக்கிற முறையை நிறுத்திவிட்டு, படத்தை நகர்த்தவும் திருப்பவும் மட்டும் செய்கிற முறையைத் தேர்ந்தெடு. படம் நகரும்போது ஓரத்தில் வெற்றிடம் விழும். அதை மறைக்கத்தான் பெரிதாக்கி வெட்டுகிறது. தானாக வெட்டுவதையும் நிறுத்து. ஓரத்தில் கறுப்பு தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. சரிசெய்து வீட்டுக்குள் வைத்துக்கொள். கமிட்டியில் காட்டாதே. என்னைக் கப்பல் வேலையில் ஏற்றிவிட்டது உன் பெரியப்பா. லீவில் வந்தால் அவர் முகத்தில் நான் முழிக்க வேண்டும்.

அப்பா


13 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்யுமுன் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அந்த ஜெல்லிப் படத்தில் அம்மா ஒரு முழு வள்ள நீளம் முந்துகிறாள். சந்தோஷத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகுதான் கவனித்தேன், விளக்குக் கம்பம் நடக்கிறது. பாறையில் நட்ட கம்பம் எப்படி நடக்கும்? படத்தில் பெரிதாகத் தெரிந்த நம் வள்ளத்தையே அசையாத பொருள் என்று மென்பொருள் எண்ணிக்கொண்டு, மற்றதையெல்லாம் அதற்காக இழுத்து வளைத்திருக்கிறது.

நீங்கள் சொன்ன முறைக்கு மாற்றி, எது அசையாதது என்று காட்டும் குறியைக் கம்பத்தின் மேல் வைத்து மறுபடி ஓடவிட்டேன். இப்போது கறுப்பு ஓரம் நாலாபக்கமும் குதிக்கிறது. ஆனால் கம்பம் நிற்கிறது. அம்மா முந்தியது அரைத் துடுப்பு நீளம்தான். என் கை ஆடிய பழைய படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் அதே அரைத் துடுப்புதான்.

முன்துடுப்பு போட்ட சண்முகத்தாய் அக்கா, "ஏளா, அந்த முழு வள்ளப் படத்தையே காட்டு. ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்" என்றார்கள். எனக்கும் ஆசை இருந்தது. ஆனாலும் அழித்துவிட்டேன். அரைத் துடுப்பு ஜெயித்தவளுக்குப் பொய் எதற்கு?

நாளை செபமாலை முடிந்ததும் கோயில் கூடத்தில் கமிட்டிக்குக் காட்டப் போகிறேன். பெரியப்பா உங்களைக் கப்பலில் ஏற்றிவிட்டார், சரி. அதற்கு அம்மா ஏன் தோற்க வேண்டும்?

ஷெர்லி


14 ஆகஸ்ட்

ஷெர்லி,

காட்டக் கூடாது. இது அப்பா சொல். அரைத் துடுப்புக்காக அண்ணன் தம்பி பிரிய வேண்டாம். அடுத்த வருஷம் ஜெயித்துக்கொள்ளலாம். நான் சொன்னதாக அம்மாவிடமும் சொல்.

அப்பா


16 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

முந்தாநாள் உங்கள் கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா லேப்டாப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்தைப் பார்த்து முன்னால் நடந்தாள். நானும் போனேன்.

முதலில் ஆடுகிற படத்தையே போட்டேன். பெரியப்பா சிரித்தார். "ஏளா ஷெர்லி, பேய் புடிச்ச மாதிரி ஆடுதே, இத வச்சா நியாயம் கேக்க?"

"ஆடுனது என் கை பெரியப்பா. கம்பம் ஆடல. அதப் பாருங்க."

பின்னாலிருந்து ஒருவர், "கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் பண்ணலாம்லா" என்றார்.

"பண்ணிப் பாத்தேன் அண்ணாச்சி. ஒரு வள்ளம் நீளம் ஜெயிச்சோம்னு காட்டுச்சு. பொய்யின்னு அழிச்சிட்டேன்."

குறி வைத்துச் சரிசெய்த படத்தைப் போட்டு, அரைத் துடுப்பு என்றேன். பெரியப்பா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். மறுபடி போடச் சொன்னார். கம்பத்தைத் தொட்டுக்கொண்டிருந்த எங்கள் வள்ளத்தின் மூக்கில் விரலை வைத்து, "அரைத் துடுப்பு கூட இல்ல. கால் துடுப்பு" என்றார்.

"காலுன்னாலும் முன்னாலதான" என்றாள் அம்மா, பெண்கள் பக்கத்திலிருந்து.

சொன்ன முடிவை மாற்றும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டுக் கமிட்டி எழுந்துவிட்டது.

நேற்று சப்பரம் கிளம்பும் நேரம், யாரும் கூப்பிடாமலே ஐந்து பேரும் போய் முன்கம்பில் நின்றார்கள். பெரியப்பா ஆட்களோடு வந்தார். "ஏளா அல்போன்சா, கனம் தாங்காது. தள்ளு."

"பாசி மூட்டையவிடவா கனம்?" என்றாள் அம்மா. நகரவில்லை.

பங்குச்சாமியார் பெரியப்பாவைப் பார்த்தார். ஊரே அவரைத்தான் பார்த்தது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்கம்புக்குப் போனார். சப்பரம் எழுந்தது. மூன்று தெருவும் சுற்றி முடியும்வரை ஐந்து பேரில் ஒருவரும் தோள் மாற்றிக்கொள்ளவில்லை.

இன்று காலை பெரியப்பா நம் வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நான் எழுந்து, "வாங்க பெரியப்பா" என்றேன். நடையைக் கூட்டினார். நாளையும் சொல்வேன்.

நீங்கள் வேண்டாம் என்றதைச் செய்தேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கோபத்தில் எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, தாங்கிக்கொள்வேன். அம்மாவின் தோள் கன்றிப்போய் இருக்கிறது. எண்ணெய் தேய்க்கப் போனால், "இருக்கட்டும்" என்று சிரிக்கிறாள். அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். முந்தியது அவள்தான் என்று அதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
ஷெர்லி