சுருங்காத நெற்றி

வியாழன், இரவு.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டினால், ஒற்றைத் தலைவலி வராமலிருக்க எனக்கு நெற்றியில் போடும் ஊசி இரண்டு முறை தள்ளிப்போனது. இந்த மாதம் பாதிச் செய்திகளை இருட்டறையில் படுத்தபடி தொலைபேசியில்தான் என் பத்திரிகைக்குச் சொன்னேன்.

மாலையில், கடல் பாலத்துக்கு அக்கரையிலுள்ள செபராங் ஜெயா கிளினிக்கிலிருந்து தாதி அழைத்தார்.

"திங்கக்கிழமை வாங்க அண்ணே. பாலத்துல போலீஸ் கேட்டா காட்ட லெட்டர் அனுப்புறேன்."

துள்ளிக் குதிக்காத குறை. மனைவி கமலாதான் உதட்டைப் பிதுக்கினாள். ஊசி போட்டால் மாதக்கணக்கில் என் நெற்றி சுருங்காது.

"நீங்க கோவமா இருக்கீங்களான்னே தெரியாது லா. மூஞ்சியப் பாக்காம எப்படிச் சண்ட போடறது?"

சற்று யோசித்தாள். முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு. கார் விஷயம் ஒண்ணு சொல்லணும். திங்கக்கிழமை ஊசி போட்டுட்டு வாங்க, சொல்றேன்."

காருக்கு என்ன? எழுதும்போதே நெற்றி சுருங்குகிறது.