வீட்டுக்காரர் முத்திரை

கோபே
1995 மார்ச் 6, திங்கள், காலை 11.20. எங்கள் குழு எரிவாயு திறந்துவிட்ட வீடுகள்: 312.

ஃபுமியே,

ட்சுயாமாவில் உன் அம்மா வீட்டில் சௌகரியம்தானே? நிலநடுக்கத்துக்குப் பிறகு நம் தெருக் குழாயில் எரிவாயுவுக்குப் பதில் தண்ணீரும் மணலும்தான். நாலு நாள் இறைத்தோம். மூன்று குழாய் இணைப்புகள் விட்டுப்போயிருந்தன, மாற்றியாயிற்று. இன்று வீடு வீடாகத் திறந்தோம். வீட்டுக்காரர் கூடவே நின்று பார்த்து, படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையைக் குத்தவேண்டும் என்பது விதி. நம் வீட்டை நானே திறந்தேன். ஊழியர் கட்டத்தில் என் 'குவாபரா' முத்திரை, வீட்டுக்காரர் கட்டத்திலும் அதே முத்திரை. குழுத் தலைவர் இனுயி படிவத்தைப் பார்த்தார்.

"யோவ் குவாபரா, திறந்தவனும் நீ, நின்னு பாத்தவனும் நீ. எதிர்ல கண்ணாடிய வச்சுக்கிட்டா வேலை பாத்தே?"

"வீடு என்னுதுதான் சார்."

"அப்ப வீட்டுக்காரனா நில்லு, இல்ல கம்பெனிக்காரனா நில்லு. எதுன்னு சொல்லு."

படிவத்தைக் கிழித்துவிட்டு, வால்வை மூடிச் சிவப்புச் சீட்டு கட்டினார். தெருவிலேயே நம் வீடு மட்டும்தான் பாக்கி. ஒருநாள் வந்து நின்றுவிட்டுப் போயேன். பதினைந்து நிமிட வேலை.

மொரியோ


ட்சுயாமா
மார்ச் 10

அன்புள்ள மொரியோவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் தோளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இப்போது கை தலை உயரம் வரை எழும்புகிறது.

நிலநடுக்கத்தன்று என்மேல் சாய்ந்த அலமாரியை நிமிர்த்திவிட்டு, "கேஸ் மெயின் வால்வ மூடணும், ஆபீஸ்ல ஆள் இருக்காது" என்று சைக்கிளை எடுத்தீர்கள். மூடாவிட்டால் ஊரே எரிந்திருக்கும், அதில் எனக்குக் கோபமில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்ததும் சுவரில் எத்தனை விரிசல் என்று எண்ணினீர்களே, அதில்தான்.

முத்திரை குத்த மட்டும் ஆள் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு ஓகினோ அக்காவைக் கேட்டுப் பாருங்கள். இனுயி கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? அதை எழுதவே இல்லையே.

ஃபுமியே


கோபே
மார்ச் 13

ஃபுமியே,

அன்று பதில் சொல்லவில்லை. இன்று சொன்னேன், வியாழக்கிழமை லீவு வேண்டும் என்று. "பூமி பொளந்தப்பகூட லீவு கேக்காத ஆளாச்சே!" என்றார் இனுயி.

உன் தோளைத்தான் முதலில் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. தப்பு என்னுடையது.

வியாழன் முதல் செய்யப்போவது:

1. கம்பெனிச் சட்டை போடமாட்டேன்.
2. காலை பத்து மணிக்கு வாசலில் வீட்டுக்காரனாக நிற்பேன். திறப்பது இனுயி. நான் கருவியைத் தொடமாட்டேன்.
3. அந்த அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்குவேன்.
4. குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி மூடிவைப்பேன். தோளுக்கு இதமாக இருக்கும்.
5. மாலை நாலு மணிக்கு ட்சுயாமாவிலிருந்து வரும் பேருந்துக்கு நிறுத்தத்தில் காத்திருப்பேன்.
6. நீ வரவில்லையென்றால் ஞாயிறன்று நான் ட்சுயாமா வருவேன். படிவமோ முத்திரையோ எடுத்து வரமாட்டேன்.

மொரியோ