ஐந்து ஆம்பியரில் ஒரு வலைத்தளம்

பிப்ரவரி 3

இன்றும் என் வலைத்தளம் விழுந்தது. தளத்தில் இன்றைய செய்தியை ஏற்றிக்கொண்டிருந்தேன். படகுகள் கொண்டுவந்தது வெறும் மத்தி, எலுமிச்சை மறுபடி விலை ஏறிவிட்டது, இரண்டாம் மாடிப் பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து தங்கை அஃபாஃப் தன் பார்லரான முன்னறையில் ஒரு கல்யாணப்பெண்ணுக்கு முடி காய வைக்க ஹேர் டிரையரைப் போட்டாள். டப். வீடே இருட்டு. கணினி போச்சு, அதில் ஓடும் என் தளமும் போச்சு.

அரசாங்க கரண்ட் பேருக்குத்தான்; தெரு ஜெனரேட்டர்காரர் மாதக் காசு வாங்கிக்கொண்டு எங்களுக்குக் கொடுப்பது ஐந்து ஆம்பியர். ஃபிரிட்ஜும் கணினியும் ஓடும்போது ஹேர் டிரையரைத் தொடக் கூடாது. அவளுக்கு இது தெரியாதா? "உன் தளத்துக்காக நான் பொண்ணை ஈரத் தலையோட சர்ச்சுக்கு அனுப்பணுமாக்கா?" என்றாள். நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

பிப்ரவரி 4

சிட்னியிலிருந்து தம்பி நஸீமின் செய்தி: "மறுபடி தூங்கிடுச்சா?" போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பிப்ரவரி 9

நஸீம் போன் பண்ணினான். "ரெண்டு காபி விலைதான்க்கா. எங்கயாவது வாடகைக்கு இடம் பிடிச்சு அந்தத் தளத்தைப் போட்டுத் தொலையேன். வீட்டு கம்ப்யூட்டர்ல எவன் வைக்கிறான்?"

நான் வைக்கிறேன். தளத்தில் நேரலையாக ஓடும் என் பால்கனிக் கேமரா, அது காட்டும் என் கடல், என் எழுத்து, எல்லாம் என் வீட்டில்தான் இருக்கும். பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பவள், எவன் வீட்டுத் திண்ணையிலோ கொண்டுபோய் ஏன் வைக்கணும்?

ஈஸ்டருக்கு வருகிறாயா என்று கேட்டேன். ஒன்பது வருஷமாகக் கேட்கிறேன். அவன் பிள்ளைகளை நான் திரையில்தான் பார்த்திருக்கிறேன். "எப்ப திறந்தாலும் உன் பக்கம் செத்துக் கிடக்கு. அப்படிப்பட்ட ஊருக்குப் பிள்ளைங்களை எப்படிக் கூட்டிட்டு வர்றது? ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், அது அணையாம நிக்கட்டும். குடும்பத்தோட வர்றேன்."

கேலிக்குத்தான் சொன்னான். ஆனால் சொன்னது சொன்னதுதான். அஃபாஃப் பக்கத்தில்தான் இருந்தாள், அவளே சாட்சி.

பிப்ரவரி 12

பெரிய கணினியை மூட்டை கட்டியாச்சு. திரை உடைந்ததென்று பள்ளியில் ஒதுக்கிய மடிக்கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். தளம் ஓட திரை எதற்கு? பால்கனிக் கம்பியில் சூரியத் தகடு, அடியில் கார் பேட்டரி, ஒரு சின்ன இன்வெர்ட்டர். ஜெனரேட்டருக்கும் எங்களுக்கும் இனி சம்பந்தமில்லை.

அஃபாஃப் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "வண்டி எப்ப கிளம்புது?" என்றாள்.

பிப்ரவரி 13

ஜெனரேட்டர் நின்றது. என் மடிக்கணினி நிற்கவில்லை. மார்தட்டிக்கொண்டேன். மொபைலில் திறந்து பார்த்தால் — தளம் இல்லை.

ஐயோ, புத்தி கெட்டவளே. இன்டர்நெட் எங்கிருந்து வருது? எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் ஹைதம் வைத்திருக்கும் பெட்டியிலிருந்து. அந்தப் பெட்டிக்குக் கரண்ட்? அதே ஜெனரேட்டர். இது தோணவே இல்லையே எனக்கு.

பிப்ரவரி 15

ஹைதம்தான் இந்தத் தெரு முழுக்க இன்டர்நெட் கொடுப்பவன். அவன் பெட்டிக்கும் ஒரு பேட்டரி வை என்றேன். "கரண்ட் போனா ஊரே படுத்துடும். நீங்க ஒருத்தர் முழிச்சிருக்கிறதுக்கு நான் பேட்டரி வைக்கணுமா?" என்றான். என் தம்பி வருவான் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவன் அண்ணன் பிரேசில் போனவன் போனவன்தான், அம்மா சாவுக்குக்கூட வரவில்லை.

சாயங்காலம் அவனே பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏறினான். கீழே இறங்கி வந்து, "வந்தா எனக்கும் ஒரு வாய் மீன் சோறு போடுங்க" என்றான்.

பிப்ரவரி 16

இன்று காலையிலிருந்து கணக்கு. நஸீமுக்கு எழுதிவிட்டேன்: "ஆரம்பம்."

பிப்ரவரி 18

மூன்று தடவை கரண்ட் போனது. தளம் அசையவில்லை. அஃபாஃப் நாள் முழுக்க டிரையர் போட்டாள், பிரேக்கர் விழுந்தது, இருட்டில் நின்றுகொண்டு "உன்னோடது?" என்று கேட்டாள். "ஓடுது" என்றேன். "பாரேன், திமிரை" என்றாள். ஆனால் சிரித்தாள்.

பிப்ரவரி 20

எட்டாம் மாடி அபூ மித்ரி இன்று என் கதவைத் தடியால் தட்டினார். மூச்சு வாங்குகிறது. "மகளே, உன் தளத்துக்கு என்ன கேடு வந்துச்சு?"

ஒரு கேடும் இல்லை, ஒரு நிமிஷம்கூட அணையவில்லை என்றேன்.

"அதான் கேடு."

விஷயம் இதுதான். மான்ட்ரியலில் இருக்கும் அவர் மகள் என் தளத்தைத் திறந்து பார்ப்பாளாம். கரண்ட் வந்து வந்து போனால் தளம் திறக்காது; திறந்தால் இங்கே கரண்ட் நிலைத்துவிட்டது, லிஃப்டை நம்பலாம் என்று அர்த்தம். உடனே அப்பாவுக்குப் போன் போட்டு "இப்ப இறங்குங்க" என்பாள். இன்றும் சொல்லியிருக்கிறாள். இவரும் நம்பி லிஃப்டில் ஏறியிருக்கிறார். காலையிலிருந்து வந்து வந்து போன கரண்ட் அடுத்த நொடியே மறுபடி போய், ஆறாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் தொங்கியிருக்கிறார்.

அவள் மட்டுமில்லையாம். வெளிநாட்டில் இருக்கிற பாதிப் பேர் இப்படித்தான் பார்க்கிறார்களாம். நான் எதை என் அவமானமென்று நினைத்தேனோ அதை வைத்து ஊரே பிழைத்திருக்கிறது. காபி போட்டுக் கொடுத்தேன். திட்டிக்கொண்டே குடித்தார்.

பிப்ரவரி 21

தளத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன். "தெருவில் கரண்ட் இருக்கிறது" அல்லது "இல்லை." தானாக மாறும். இன்று வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு வரிக்காகத்தான் வந்தார்கள். என் மத்தி மீனை யாரும் சீண்டவில்லை. பரவாயில்லை.

பிப்ரவரி 23

ஒரு வாரம் முடிந்தது. தளம் அணையாமல் நின்றது. ஹைதம் தெருவிலிருந்து கை தூக்கிக் காட்டினான். அஃபாஃப் என்னைக் கட்டிக்கொண்டாள். இத்தனை சந்தோஷமாக நான் இருந்து எவ்வளவு நாளாச்சு.

நஸீமுக்கு எழுதினேன். பதில் இல்லை.

பிப்ரவரி 25

பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. வர இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே. எதுக்குடா என்னை ஆசை காட்டின? இந்தச் சின்னப் பிள்ளை விளையாட்டை நம்பி நான் ஊரையே கூட்டிவச்சிருக்கேன்.

பிப்ரவரி 26

நஸீம் எழுதிவிட்டான். அப்படியே பிரதி எடுத்து வைக்கிறேன்:

"அக்கா, எப்ப விழும்னு பிடிக்கத்தான் வேலை நேரத்துல உன் பக்கத்தைத் திறந்தே வச்சிருந்தேன். அது விழல. அதனால பால்கனியைப் பார்த்துட்டே இருந்தேன். அஃபாஃப் துணி காயப் போட வந்தா, காபி குடிக்க வந்தா. ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் சாயம் போடுறவளுக்கு உச்சியில முழுக்க நரை. யாரும் எனக்குச் சொல்லலையே. டிக்கெட் போட்டாச்சு. நாலு பேருக்கும்."

அஃபாஃபுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடி முன்னால் போய் நின்றாள். "இந்தக் கேமராவை வேற பக்கம் திருப்பு" என்றாள், அழுதுகொண்டே.

ஏப்ரல் 18

தளம் விழுந்தது. பிப்ரவரியிலிருந்து முதல் தடவை.

மான்ட்ரியலிலிருந்து அபூ மித்ரியின் மகள் போன்: "அக்கா, உங்க பக்கமே திறக்கல. கரண்ட் இருக்கா இல்லையா? அப்பா கீழ உக்காந்திருக்கார்." பால்கனியிலிருந்து குனிந்து, கரண்ட் இருக்கு, ஏறுங்க என்று கத்தினேன்.

காரியம் யாருடையது? நஸீம். டீ போடுகிறேன் என்று கரண்ட் கெட்டிலைக் கொண்டுபோய் என் இன்வெர்ட்டரில் சொருகிவிட்டான். ஒன்பது வருஷத்தில் ஆம்பியர் என்றால் என்னவென்றே மறந்துபோயிருக்கிறான். பிள்ளைகள் இருவரும் கைதட்டிச் சிரிக்கிறார்கள். ஹைதம் மீன் சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டான். "அணைஞ்சிடுச்சாக்கா?" என்று நஸீம் திருதிருவென முழித்தான்.

சரி பண்ண ஐந்து நிமிஷம் ஆகாது. எழுந்து போகவில்லை; பார்க்க வேண்டியவன்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறானே. அஃபாஃப் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.