ஸ்வீட் தட்டும் பன்னீர்ச் சொம்பும்

என் முட்டி வலியை என்னைக் கேட்காமல் செல்வியிடம் சொன்னாய். அதனால் எனக்கு வரவேண்டிய ஸ்வீட் தட்டு உனக்குப் போனது. நீ செய்த தவறு இதுதான். செத்துப்போனவர்களைக் குறை சொல்லக்கூடாது என்கிறார்கள். நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமே சொல்கிறேன்.

இன்று காலை உன் மகள் வந்தாள். கல்யாண வேலைக்கு நாம் கட்டும் மெரூன் சேலை, உன்னுடையது, அதைத் துணிப்பையில் வைத்து எடுத்து வந்தாள். பையைத் திறந்ததும் தைலம் வாசனை குப்பென்று வந்தது. சேலை மடிப்புக்குள் இன்னொன்றும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் பக்கத்தைச் சொல்லி முடிக்க வேண்டும்.

இந்த வேலையைக் கண்டுபிடித்தவள் நான். மில் மூடிய பிறகு நாம் ஏறி இறங்காத கடை இல்லை. எங்கும் நாள் தவறாமல் வரச் சொன்னார்கள். உனக்குப் பார்த்துக்கொள்ளப் பேரன், எனக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகப் புருஷன். நாள் தவறாமல் எப்படிப் போவது? அப்போதுதான் என் நாத்தனார் மகன் கல்யாணத்தில் ஒரே மாதிரி சேலை கட்டிய பெண்கள் பந்தி பரிமாறுவதைப் பார்த்தேன். கை கழுவியதும் நேராகப் போய், உங்களை யார் கூட்டி வந்தது என்று கேட்டேன். செல்வியைக் காட்டினார்கள். முடிகிற நாளில் வாருங்கள், முடியாத நாளில் வேண்டாம், ஃபோனில் மண்டபத்தின் பேரைப் போட்டதும் முதலில் பதில் போடுகிற பத்துப் பேருக்கு வேலை என்றாள். அன்றைக்கே உன் வீட்டுக்கு வந்து சொன்னேன். பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக்கூட்டி நானாகவே படித்தவள் நான். உனக்கு அதுவும் வராது. ஒவ்வொரு தடவையும் "நாங்க ரெண்டு பேரும் வரோம்" என்று தட்டியது என் விரல்.

ஆறு மாதம் உப்பு, ஊறுகாய், தண்ணீர் என்று இருவரும் ஒன்றாகத்தான் ஓடினோம். ஸ்வீட் வைத்துக்கொண்டிருந்த அம்மா மகனோடு சென்னைக்குப் போனாள். அந்தத் தட்டு யாருக்கு என்ற பேச்சு வந்தது. மற்றதைப் பரிமாறுகிறவளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஸ்வீட் கொண்டுவருகிறவளை மட்டும் முகம் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அது வேண்டும் என்று ஷேர் ஆட்டோவில் உன்னிடம்தான் சொன்னேன்.

மறு வாரம் காலாப்பட்டில் கல்யாணம். செல்வியை நீ ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினாய். அவள் திரும்பி வந்து என் கையில் பன்னீர்ச் சொம்பைக் கொடுத்தாள்.

"அக்கா, உங்களுக்கு முட்டி வலியாமே. நீங்க வாசல்லயே நில்லுங்க."

உன்னைப் பார்த்தேன். "உன் நல்லதுக்குத்தாண்டி சொன்னேன்" என்றாய். தட்டு அதற்குள் உன் கைக்குப் போயிருந்தது.

அதன்பின் மூன்று வருடம் நான் பந்தி தெரிகிற வாசலில் நின்றேன். வருகிறவர்கள் மேல் பன்னீரைத் தெளித்துக்கொண்டே கண்ணை உன் பக்கம் வைத்திருப்பேன். முட்டியை மடக்காமல் இடுப்பில் மட்டும் குனிவாய். தட்டை மார்போடு அணைத்து, இலை ஓரத்தில் சத்தமில்லாமல் வைப்பாய். அதை ஒய்யாரம் என்று நினைத்து எரிந்துபோவேன். வீராம்பட்டினத்துக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையின் அப்பா, "ஸ்வீட் அக்கா வரலியா?" என்று தேடி வந்தார். பந்தி முழுக்க உனக்கு அந்தப் பேர். எனக்கு யாரும் பேர் வைக்கவில்லை.

ஒவ்வொரு பந்திக்கு முன்னும் என்னிடம் வந்து நிற்பாய். "இன்னொரு தடவ தெளிடி. கீழயும் நல்லா தெளி."

"இன்னாடி, நீதான் பொண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தாய். நான் வேண்டுமென்றே உன் முகத்தில் அடித்தேன். துடைத்துக்கொண்டு, மறுபடி காலைக் காட்டினாய்.

இன்று அந்தச் சேலை மடிப்பிலிருந்து விழுந்தவை முட்டிக்குப் போடும் எலாஸ்டிக் உறைகள். ஒன்றல்ல, இரண்டு. போட்டுப் போட்டுத் தொளதொளத்துப் போனவை.

உன் மகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போயிருந்திச்சி பெரியம்மா. மில்லு மூடறதுக்கு முன்னாடியே. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. சொன்னா நீங்க நேரா செல்விகிட்ட போயிடுவீங்களாம்."

போயிருப்பேன். அதில் உனக்குச் சந்தேகம் இருந்திருக்காது, எனக்கும் இல்லை. அதனால்தான் முந்திக்கொண்டாய். இரண்டு முட்டியும் கெட்டவள், ஒரு முட்டி கெட்டவளைக் காட்டிக்கொடுத்தாய். உன் தைல வாசனையை மறைக்க என் கைப் பன்னீரையே வாங்கிக்கொண்டாய். நானும் அதே தைலம்தான் தேய்த்துக்கொண்டு வருவேன். அதனால் எனக்கு உன் வாசனை தெரியவில்லை.

இதைக் கேட்டதும் உன்மேல் இருந்த பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கூடியிருக்கிறது. இரண்டு முட்டியும் வலிக்க அத்தனை இலைக்கு முன்னால் குனிந்து, ஒருத்திக்கும் தெரியாமல் சிரித்தாயே. நான் ஒரு முட்டி வலியைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினேன். அந்த அழுத்தம் எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் நீ குனிந்த விதம் எனக்கு மனப்பாடம். மூன்று வருடம் கண்ணெடுக்காமல் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

வரும் ஞாயிறு முகூர்த்தம். யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். செல்வி ஸ்வீட் தட்டை என்னிடம் தர வேண்டும். நானே போய்க் கேட்பேன். என் முட்டியைப் பற்றி இந்தத் தடவை என் வாயால் நானே சொல்வேன். உன் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். உன் மகள் அந்த உறைகளின் எலாஸ்டிக்கைப் பிடித்துத் தைத்துத் தர வேண்டும். என் கால் உன் காலைவிட மெலிசு. பந்தியில் யாராவது ஸ்வீட் அக்கா எங்கே என்று கேட்டால், நான்தான் என்று சொல்வேன். அதை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாசலில் எனக்குப் பதிலாக நிற்கப்போகிறவள் யாரோ, அவள் எனக்கு இரண்டு தடவை பன்னீர் தெளிக்க வேண்டும். கீழேயும் நன்றாகத் தெளிக்க வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது.