அப்பாவின் கால், அப்பாவின் கையெழுத்து

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறது. எல்லாரும் சௌக்கியம்னு எழுதத்தான் கை பழக்கத்துல போகுது, ஆனா இந்தத் தடவை அது முக்கால் உண்மைதான் கண்ணு. நான் நல்லா இருக்கேன். அப்பா ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாச்சு. இப்ப எனக்கு எதிர்ல காலை ஸ்டூல் மேல நீட்டிக்கிட்டு உட்கார்ந்து, நான் எழுதற ஒவ்வொரு வரியையும் எட்டிப் பார்த்துக்கிட்டு இருக்கார். நீ பதறக்கூடாதுன்னு முடிவை முதல்லயே சொல்லிடறேன். அப்பாவுக்கு இடது கால்ல மூணு விரலை எடுத்துட்டாங்க, புண் நல்லா ஆறிக்கிட்டு வருது, மனுஷன் தெம்பா இருக்கார், வாய்க்கொழுப்பு கொஞ்சமும் குறையலை. போன்ல நீ கேக்கும்போதெல்லாம் அப்பா கார் கத்துக்கொடுக்கப் போயிருக்கார்னு நான் சொன்னேனே, அத்தனையும் பொய். உனக்கு வேலை நிரந்தரம் ஆகப்போற சமயம், மனசைக் கலைக்க வேண்டாம்னு நானும் உன் மாமாவும் பேசி முடிவு பண்ணோம். அது எவ்வளவு பெரிய தப்புன்னு புரிஞ்ச கதையைத்தான் எழுதறேன், சாவகாசமா உட்கார்ந்து படி.

ஆரம்பிச்சது ஒரு பொடிக் கல்லு. ஷூவுக்குள்ள இருந்திருக்கு, சர்க்கரையால பாதம் மரத்துப் போனதுல அது நாள் பூரா குத்தினதே இவருக்குத் தெரியலை. கொப்புளம் வந்துச்சு, தானே பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டார், என்கிட்ட மூச்சு விடலை. கத்துக்க வர்றவங்க பிரேக் போட ஒரு நொடி தாமதிச்சாலும் பக்கத்து சீட்டுல இருந்து தான் மிதிச்சிடுவார், தன் விஷயத்துல மட்டும் பிரேக்கே கிடையாது. நாத்தம் வந்த அப்புறம்தான் நான் சாக்ஸை உருவிப் பார்த்தேன், கட்டை விரல் கருத்துப் போயிருந்துச்சு. அன்னிக்கே ஆஸ்பத்திரியில சேர்த்தோம். டாக்டர் என்னையும் மாமாவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நாளைக்குக் காலையில கட்டை விரலையும் பக்கத்து ரெண்டையும் எடுத்தாகணும், சீழ் மேல ஏறியிருந்தா கணுக்கால் வரைக்கும்கூட எடுக்க வேண்டி வரலாம், பிரிச்சுப் பார்த்தாதான் தெரியும்னு சொல்லிட்டு அடுத்த வார்டுக்கு ஓடிட்டார். கிளட்ச் மிதிக்கிற கால் ஆச்சே அது, சொன்னா மனுஷன் ஒத்துக்கவே மாட்டார், எழுந்து வீட்டுக்குக் கிளம்பிடுவார்னு எனக்குத் தோணுச்சு. புண்ணைச் சுத்தம் பண்ணப் போறாங்கன்னு மட்டும் சொல்லிடலாம், கையெழுத்தை நாம போட்டுடலாம், முடிஞ்ச அப்புறம் அழுதா அழட்டும்னு மாமா சொன்னார், நானும் தலையாட்டினேன்.

அந்த வார்டு சிஸ்டரைப் பத்திச் சொல்லணும். முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். ஊசியோ மாத்திரையோ கையில எடுத்தா பேர் என்ன, பிறந்த தேதி என்னன்னு எல்லார்கிட்டயும் மறுபடி மறுபடி கேப்பாங்க, அதனால வார்டுல அவங்களுக்கு 'ரெண்டாந்தடவை'ன்னே பேர். அரை மணி நேரத்துல என் பேர் மாறிடுமா சிஸ்டர்னு அப்பா கேட்டதுக்கு, உங்க பேர் மாறாது சார், மாத்திரை மாறிடும்னு சொன்னாங்களாம். சாயங்காலம் அவங்க ஆபரேஷன் சம்மதப் படிவத்தோட வந்தாங்க. நான் வார்டு வாசல்லயே மறிச்சு, கொடுங்க நான் போடறேன்னு கையை நீட்டினேன். அவங்க கொடுக்கலை. அவர் நினைவோட இருக்கார், பேசறார், புரிஞ்சுக்கறார், அவர் கால் இது, அவர்தான் போடணும்னாங்க. இது எங்க குடும்ப விஷயம், நீங்க உங்க வேலையைப் பாருங்கன்னு மாமா எகிறினார். இதுதான் சார் என் வேலை, விஷயம் தெரியாத மனுஷனை ஆபரேஷன் டேபிளுக்கு அனுப்பினா சட்டப்படி என் நர்ஸ் பதிவே போயிடும், சட்டம் இல்லைன்னாலும் நான் அனுப்ப மாட்டேன்னு குரலை உயர்த்தாமலே சொன்னாங்க. சொன்னதோட நிக்காம அதை அப்படியே கேஸ் ஷீட்லயும் எழுதிட்டு, டாக்டரை வரச் சொல்லி ஆள் அனுப்பிட்டாங்க. எனக்கு வந்துச்சே கோபம்! நேரா நர்சிங் சூப்பிரண்டு ரூமுக்குப் போய், நோயாளியின் மனசை உடைக்கப் பார்க்கிற நர்ஸ்னு ஒரு புகார் எழுதிக் கொடுத்துட்டேன். அந்தப் பொண்ணுக்கு அடுத்த மாசம்தான் வேலை நிரந்தரம் ஆக இருந்துச்சுன்னு எனக்கு அப்ப தெரியாது. உன் வேலைக்காக உன்கிட்ட பொய் சொன்ன அதே வாரத்துல, இன்னொரு வீட்டுப் பொண்ணோட வேலைக்கு நான் உலை வைக்கப் பார்த்திருக்கேன் பாரு.

டாக்டர் வந்தார். சிஸ்டர் என்ன சொன்னாங்களோ, இந்தத் தடவை அவர் அவசரப்படலை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு தாள்ல பாதத்தை வரைஞ்சு எங்க வெட்டணும், ஏன் வெட்டணும்னு அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னார். அப்பா அழலை, கத்தலை. அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, கிளட்ச் மிதிக்க முடியுமான்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இப்ப தெரியாது, மூணு மாசம் கழிச்சுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்னார் டாக்டர். சிஸ்டர் பக்கத்துல வந்து, வேண்டாம்னு சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கு சார், அப்படிச் சொன்னாலும் உங்களை நாங்க விட்டுட மாட்டோம், மருந்து கொடுத்துப் பார்த்துக்குவோம், ஆனா உயிருக்கு ஆபத்து உண்டுன்னாங்க. எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்க, சிஸ்டர் மட்டும் இருக்கட்டும்னு அப்பா சொன்னார். இருபத்தெட்டு வருஷத்துல என்னை வெளிய இருன்னு அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

உள்ள நடந்ததை அப்புறம் அப்பாவேதான் சொன்னார். சிஸ்டர் அவரை, என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டிருக்காங்க. சேர்த்த அன்னிக்கே என் சம்சாரம் சொல்லிட்டாளேன்னு இவர் சொல்லியிருக்கார். அவங்க சொன்னது இருக்கட்டும், உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்கன்னு சிஸ்டர் விடலை. அவ வெளியதானே இருக்கான்னு இவர் எட்டிப் பார்த்துட்டு மெதுவா அவிழ்த்து விட்டிருக்கார் மூட்டையை. எட்டு மாசத்துக்கு முன்னால நெஞ்சைப் பிடிச்சுச்சாம். எங்கேயோ ஒரு கிளினிக்ல காட்டி, ரத்தம் உறையாம இருக்கறதுக்கு தினம் ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு இருந்திருக்கார். எங்க ஒளிச்சு வெச்சார் தெரியுமா, கத்துக்கொடுக்கற கார் டேஷ்போர்டுல, பதிவுப் புத்தகத்துக்கு அடியில! நான் பயந்துடுவேனாம். சிஸ்டர், இதை டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும், ஆனா வீட்டுல சொல்றதா வேண்டாமாங்கறது உங்க விருப்பம், நான் வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்களாம். அப்பாதான் என்னைக் கூப்பிடச் சொல்லி, தன் வாயாலயே எல்லாத்தையும் சொன்னார். மறுநாள் காலையில முதுகுத்தண்டுல ஊசி போட்டு மரத்துப் போக வைக்கறதா இருந்துச்சு. அந்த மாத்திரை உடம்புல இருக்கும்போது அப்படிப் போட்டிருந்தா உள்ள ரத்தம் கசிஞ்சு இடுப்புக்குக் கீழ செயலே இல்லாமப் போகவும் வாய்ப்பு இருந்துச்சுன்னு மயக்க மருந்து டாக்டர் சொன்னார். நான் அவர்கிட்ட ஒண்ணை மறைச்சேன், அவர் என்கிட்ட ஒண்ணை மறைச்சார், ரெண்டு பேருக்கும் காரணம் ஒண்ணேதான், பாசம். அந்தப் பாசமே அவரைப் படுக்கையில தள்ளியிருக்கும்.

அந்த மாத்திரையை நிறுத்தி அஞ்சு நாள் காத்திருக்க வேண்டியதாச்சு. சீழ் ஏறினா காத்திருக்க முடியாது, வேற வழியில மயக்கம் கொடுத்து உடனே எடுத்துடுவோம்னு சொல்லியிருந்தாங்க. புண்ணைச் சுத்தியிருக்கற சிவப்பு எது வரைக்கும் இருக்குன்னு சிஸ்டர் பாதத்து மேல பேனாவால ஒரு கோடு போட்டாங்க. டியூட்டி மாறும்போதெல்லாம் போறவங்களும் வர்றவங்களும் ரெண்டு பேருமா கட்டில் பக்கத்துல நின்னு அந்தக் கோட்டைப் பார்த்து எழுதிட்டுத்தான் மாறுவாங்க. நானும் எட்டி எட்டிப் பார்ப்பேன். அஞ்சு நாளும் சிவப்பு கோட்டைத் தாண்டலை. ஆறாம் நாள் அப்பா படிவத்தை ஒரு வரி விடாமப் படிச்சு, ரெண்டு எழுத்துப்பிழையும் கண்டுபிடிச்சு சொல்லிட்டுத் தன் கையால கையெழுத்துப் போட்டார். மூணு விரலோட போச்சு, கணுக்காலுக்குப் போகலை.

நான் சூப்பிரண்டுகிட்ட போய் என் புகாரைத் திருப்பிக் கொடுங்கன்னு கேட்டேன். கொடுத்த தாளைக் கிழிக்க முடியாதும்மா, வேணும்னா இன்னொரு தாள் கொடுங்கன்னாங்க. அந்தப் புகார் என் தப்புன்னு ஒண்ணரைப் பக்கம் எழுதினேன், கல்யாணமான நாளுக்கு அப்புறம், இந்தக் கடிதத்துக்கு முன்னால, நான் எழுதின பெரிய விஷயம் அதுதான். சிஸ்டர் மேல ஆரம்பிச்சிருந்த விசாரணையை அதோட முடிச்சுட்டாங்க. சிஸ்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டப்ப, எனக்கும் கோபம் வந்துச்சும்மா, ஒரு டீ குடிச்சுட்டு வந்தேன், பயத்துல எழுதினீங்கன்னு தெரியும்னு சிரிச்சாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது கட்டு எப்படிப் பிரிக்கணும், தினமும் பாதத்தைக் கண்ணாடி வெச்சு எப்படிப் பார்க்கணும்னு சொல்லிக் கொடுத்துட்டு, அப்பாவைத் திருப்பிச் சொல்ல வெச்சாங்க. உன் அப்பாவுக்கே பரீட்சை! ஒண்ணு விட்டுட்டார், ரெண்டாந்தடவை சொன்ன அப்புறம்தான் வண்டி ஏற விட்டாங்க.

இப்ப ஊன்றுகோல் பிடிச்சு வாசல் வரைக்கும் போறார். கத்துக்க வர்றவங்களை நம்ம ஹால்லயே உட்கார வெச்சு சாலை விதி சொல்லிக் கொடுக்கறார். கிளட்ச் விஷயம் இன்னும் தெரியாது, தெரியாததைத் தெரியாதுன்னே உனக்கு எழுதச் சொன்னார். நீ உடனே கிளம்பி வான்னும் சொல்ல மாட்டேன், வராதேன்னும் சொல்ல மாட்டேன். உள்ளது உள்ளபடி சொல்லிட்டேன், முடிவு உன்னுது. கோபம் இருந்தா போன்ல தாராளமா திட்டு, வாங்கிக்கறேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் கண்ணு, நல்லா இருக்கேம்மான்னு சொல்றதுக்கு முன்னால நீ ஒரு மூச்சு விடற, ரெண்டு மாசமா கவனிக்கறேன். அது என்னன்னு எழுது. நாங்க பயந்துடுவோம்னு நீயா முடிவு பண்ணாதே. பயந்தா பயந்துட்டுப் போறோம்.

வேளைக்குச் சாப்பிடு, ஷூ போடறதுக்கு முன்னால ஒரு தடவை உதறிட்டுப் போடு. உடம்பும் மனசும் ஒரு குறையும் இல்லாம நீ நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
இனி உன்கிட்ட மறைக்காத
அம்மா

(முழுசும் படிச்சேன். பிழை எதுவும் இல்லை. - அப்பா, கையெழுத்து என்னுது)